திட்டினால்தான் தண்ணீர்

போன வாரம் ஹேமா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ஹேமாவும் நானும் ஒரு காலத்தில் திருப்பதியில் ஒரே மேஜையில் வேலை பார்த்தவர்கள். இப்போது அவள் ஹைதராபாத்தில் இருக்கிறாள். பண்டிகைக்குப் பண்டிகை ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பிக்கொள்வதில் எங்கள் சிநேகிதம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதுவும் அப்படி ஏதோ ஒன்று என்று நினைத்துத்தான் திறந்தேன்.

ஒரு மலைச்சரிவு. வெள்ளை வெள்ளையாக வீடுகள், சிவப்பு ஓடு, ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி. நடுவில் ஒரு கல்தொட்டி, அதற்கு மேலே சுவரில் ஒரு சிங்கமுகம், அதன் வாயிலிருந்து தண்ணீர். தொட்டிக்கு எதிரே சிவப்புத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அந்தச் சிங்கமுகத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். என்ன பாஷையோ தெரியாது, திட்டு என்பது மட்டும் திட்டவட்டமாகத் தெரிந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. அவளுக்குப் பின்னால் கயிறு கட்டி வரிசை. கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது: இந்த ஸ்பெயின் மலைக்கிராமத்தின் பழம்பெரும் வழக்கம் இது, இங்கே புனிதரைத் திட்டிவிட்டுத்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும், போனால் தவறவிடாதீர்கள்.

அதன் கீழே ஹேமா ஒரே வரிதான் எழுதியிருந்தாள். "ஏய், இது உங்க அக்காதானே?"

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, வயிறு எரிந்தது. அந்தப் பழம்பெரும் வழக்கத்துக்கு என்ன வயது என்று எனக்குத் தெரியும். அது பிறந்தபோது பக்கத்தில் இருந்தவள் நான். அது பிறந்தது ஸ்பெயினில் இல்லை, திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மொட்டை போட்டவர்களுக்குத் தொப்பி விற்கிற கடையின் மாடியில்.

அந்த மாடியறையை ஆபீஸ் என்று மரியாதைக்குச் சொல்வோம். ஒரு அறை, நாலு கம்ப்யூட்டர், கரண்ட் போனால் காற்றுக்கு ஒரு ஜன்னல். கீழே எந்நேரமும் புது மொட்டைகள் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் தலையில் பூசிய சந்தனத்தின் வாசனை படியேறி வந்து எங்கள் மேஜைமேல் உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கும் எங்காவது சந்தனம் மணந்தால் எனக்குச் சாமி ஞாபகம் வருவதில்லை, ஸ்பெயின்தான் வருகிறது. ஏழுமலையான் மன்னிக்கட்டும்.

வேலை இதுதான். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஊர்களுக்குப் போனால் என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம் என்று இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும். அந்த ஊர்களில் விடுமுறை வீடுகளை வாடகைக்கு விடுகிறவர்கள் தங்கள் வெப்சைட்டில் போட்டுக்கொள்வார்கள். அதுவரை நான் பார்த்த மிகத் தொலைவான ஊர் சென்னை, அதுவும் சித்தி மகளின் வளைகாப்புக்குப் போய் அன்றைக்கே ரயிலேறித் திரும்பியது. அந்த அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாரிஸில் எந்தத் தெருவில் காலாற நடக்கலாம் என்று வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். படித்த படிப்பு வீணாகவில்லை என்று நைனா, என் அப்பா, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்படி ஒருநாள் வந்து சேர்ந்ததுதான் இந்த மலைக்கிராமம். பெயரைச் சொல்லமாட்டேன். அதில் ஒரு ஜே இருந்தது, அதை ஹ என்று உச்சரிக்க வேண்டுமாம். நாங்கள் கடைசிவரை ஜ என்றே கூப்பிட்டோம். கூடவே சில போட்டோக்கள் வந்தன. கழுதைச் சவாரி, பாறையைக் குடைந்து கட்டிய சின்ன மாதா கோயில், கடல் தெரிகிற மேடு, சிங்கமுகத் தொட்டி. பார்த்ததைப் பார்த்தபடி எழுதி அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தது.

எங்கள் முதலாளி பிரசாத் சார் தெலுங்குக்காரர், நல்ல மனிதர், எதையும் முழுசாகப் படிக்கமாட்டார். வந்த மெயிலில் ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்தார்.

"லோகல் தக்குவகா உந்தம்மா. லோகல் காவாலண்ட."

லோகல் குறைச்சலாக இருக்கிறதாம், லோகல் வேண்டுமாம்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். திருப்பதியில் லோகல் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஆட்டோக்காரரோ பூக்காரியோ ஓட்டல்காரரோ, முகத்தைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி "லோகலா?" என்பதுதான். தரிசனத்துக்கு வந்தவர்கள் ஒரு ஜாதி, லோகல் ஒரு ஜாதி. லோகல் என்றால் நாங்கள். வேறு ஊருக்கும் ஒரு லோகல் இருக்கும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஹேமாவுக்கு மட்டும் லேசாகச் சந்தேகம் வந்தது.

"சார், லோகல் அண்டே மன லோகலா?" நம்ம லோகலா என்று கேட்டாள்.

பிரசாத் சார் எரிச்சலோடு சொன்னார், "லோகல் அண்டே லோகலே கதம்மா!"

லோகல் என்றால் லோகல்தானே. அவ்வளவுதான், உத்தரவு கிடைத்துவிட்டது. ஹேமா காளஹஸ்திக்காரி. காலையில் எழுந்ததும் கழுதையின் முகத்தில் விழித்தால் அன்றைக்கு யோகம் என்று அந்த ஊர்க் கழுதைகளுக்கு எழுதினாள். மலைப்பாதையில் விழுந்து கை முறிந்தால் மூங்கில் பத்தையும் பச்சிலையும் வைத்துக் கட்டுகிற வைத்தியர் பக்கத்து ஊரில் இருக்கிறார் என்று நான் எங்கள் புத்தூர் எலும்புக்கட்டு வைத்தியத்தையே கொண்டுபோய் ஸ்பெயினில் வைத்தேன். அதை மட்டும் பிரசாத் சார் வெட்டிவிட்டார். கைமுறிவைப் படித்துவிட்டு யார் சுற்றுலா வருவார்கள் என்றார். நியாயம்தான்.

மிச்சமிருந்தது அந்தச் சிங்கமுகத் தொட்டி. போட்டோவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை, சரிவு, கல், கல்லிலிருந்து கசிகிற தண்ணீர். எனக்கு ஒரே ஒரு தண்ணீரைத்தான் தெரியும். எங்கள் ஊர் அக்கா ஊற்றை எழுதினேன்.

எங்கள் குப்பம் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே மலையடியில் இருக்கிறது. ரயிலில் போகும்போது மூக்கு மாதிரி ஒரு மலை தெரியுமே, அந்த மூக்குக்கு இந்தப் பக்கம், கன்னத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த நிலமில்லாத ஜனங்கள் கூலிவேலை செய்து கொஞ்சம் கொஞ்சமாகப் பயிர்க்காரர்களான ஊர். அந்தச் சரிவில் நன்னாரிக் கொடிகளுக்கு நடுவே ஒரு பாறை இடுக்கு, அதிலிருந்து வருஷம் முழுக்கக் கசிகிற ஊற்று. ஏழு கன்னிமாரில் மூத்தவள் அங்கே இருக்கிறாள். தங்கைகள் ஆறு பேரும் ஆந்திராவைப் பார்த்துப் போய்விட, இவள் மட்டும் அலுத்துப்போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள் என்பது கதை. ஆந்திராவுக்குள்ளேயே இருந்துகொண்டு ஆந்திராவைப் பார்த்துப் போனார்கள் என்று கதை சொல்கிற ஊர் எங்களுடையது. அக்காவுக்குக் காது மந்தம், தூக்கம் ஜாஸ்தி. கும்பிட்டால் எழுந்திருக்கமாட்டாள். திட்டினால்தான் எழுந்து தண்ணீர் விடுவாள்.

கோடையில் செவ்வாய்க்கிழமை காலை பெண்கள் மட்டும் குடத்தோடு ஏறுவார்கள். ஒவ்வொருத்தியாக இடுக்கில் குடத்தை வைத்துவிட்டு, பாறையில் மஞ்சள் பூசிய இடத்தை நேருக்கு நேர் பார்த்துத் திட்ட வேண்டும். ஊற்று கசிகிற வேகத்துக்கு, திட்டி முடிக்கவும் குடம் நிறையவும் சரியாக இருக்கும். புருஷன், மாமியார், நிலத்துக்காரர், பஸ் நிற்காமல் போன டிரைவர், எல்லாக் கணக்கும் அக்காவின் தலையில் விழும். மேலே திட்டியதை யாரும் கீழே வந்து பேசக்கூடாது. மாமியாரே வரிசையில் பின்னால் நின்றாலும் கேட்காத மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் பார்த்தவரையில் எங்கள் ஊரில் தவறாமல் நடந்த ஒரே சட்டம் அதுதான்.

என் அம்மா அதில் பேர்போனவள். கீழே இருக்கும்போது வாயைத் திறக்காத மனுஷி. மேலே ஏறிவிட்டால் போதும்.

"ஏண்டி அக்கா, கல்லாட்டம் குந்திக்கினுகிறியே, காது கீதா இல்லியா உனுக்கு? அந்தாளு தறி வேலய வுட்டுட்டு நகரில சீட்டாடிக்கினுகிறாரு. இங்க புள்ளிங்க வெறும் கூழ துன்னுக்கினுகிதுங்கோ. நீ பாத்துக்கினுதானடி இருந்தே? எழுந்து வாடி, தண்ணிய வுடு!"

மலையிலிருந்து சத்தம் குப்பம்வரைக்கும் இறங்கி வரும். நைனா அன்றைக்கு வீட்டிலேயே இருப்பார். அம்மா குடத்தோடு வரும்போது அவரே டீ போட்டு வைத்திருப்பார், சர்க்கரை தூக்கலாக. ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். நானும் தம்பி குமாரும் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

இதையெல்லாம்தான் வெள்ளையடித்து ஸ்பெயினில் வைத்தேன். செவ்வாய்க்கிழமையை விடவில்லை. புருஷனையும் மாமியாரையும் விடவில்லை. அக்காவைப் புனிதராக்கினேன், மஞ்சளைச் சிங்கமுகமாக்கினேன். நீங்களும் மனதில் இருப்பதைத் திட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கலாம் என்று முடித்தேன். பதில் உடனே வந்தது. அருமை, இவ்வளவு லோகலாக யாரும் எழுதியதில்லை என்று. பிரசாத் சார் எல்லோருக்கும் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தந்தார். நான் அதை அன்றைக்கே மறந்தும் போனேன். கொஞ்ச காலத்தில் ஆபீசும் மூடிக்கொண்டது, வேறு வேலை, கல்யாணம் என்று நாட்கள் ஓடிவிட்டன.

குமார் போனதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புத்தூர் ரோட்டில் பைக், எதிரே லாரி. கையோ காலோ முறிந்திருந்தால் கட்டுப் போட்டு எழுப்பி நடக்க வைத்திருப்போம். எங்கள் பக்கத்தில் எலும்பு முறிவுக்கு யாரும் அழுவதில்லை. அடிபட்டது தலையில். அவனுக்குப் பெண் பார்த்து முடித்திருந்தோம்.

நைனா தெருவில் புரண்டு அழுதார். நான் அழுதேன். அம்மா அழவில்லை. சுற்றி நின்ற பெண்கள் அவளை உலுக்கி, அழுதுவிடு, அழுதுவிடு என்று கெஞ்சினார்கள். அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அவகிட்ட பேசிக்கிறேன்."

ஆனால் சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷம் அக்காவிடம் போகக்கூடாது, தீட்டு. அம்மா காத்திருந்தாள். வாசல் கூட்டும்போது, கடலைக்கொல்லையில் களை பறிக்கும்போது, அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். என்னம்மா என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். சொற்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். தன் வாழ்க்கையிலேயே பெரிய திட்டை, பிள்ளையைப் பறிகொடுத்தவளின் திட்டை, ஒரு சொல் சிந்தாமல் அந்த நாளுக்காக வைத்திருந்தாள்.

அந்த ஒரு வருஷத்துக்குள்தான் மலைச்சரிவை யாரோ வெளியூர்க்காரர்கள் வாங்கினார்கள். யார் விற்றார்கள், யாருடையதை விற்றார்கள் என்பதெல்லாம் எங்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. முதலில் ஜேசிபி வந்தது, பிறகு கம்பிவேலி, பிறகு ஒரு வாசல் வளைவு. வளைவுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, பூந்தொட்டி. ஸ்பானிஷ் ஸ்டைல் ஹில் வியூ வில்லாஸ் என்று ரோட்டோரம் பெரிய போர்டு வைத்தார்கள். உலகத்தில் வேறு ஊரே கிடைக்கவில்லையா இவர்களுக்கு? நான் எங்கள் மலையைத் தூக்கி ஸ்பெயினில் வைத்தேன், இவர்கள் ஸ்பெயினைத் தூக்கி எங்கள் மலைமேல் வைத்துவிட்டார்கள். நான் வைத்ததில் அங்கே யாருக்கும் வழி அடைபடவில்லை.

முதல் தெவசம் முடிந்த மறு செவ்வாய்க்கிழமை அம்மா குளித்து, புதுப்புடவை கட்டி, பித்தளைக் குடத்தைத் துலக்கி எடுத்துக்கொண்டாள். நானும் போனேன். கேட்டில் யூனிபார்ம் போட்ட ஒரு செக்யூரிட்டி. என்னைவிட வயதில் மூத்தவர், நகரியில் தறி ஓட்டியவர் என்று பிறகு தெரிந்தது. ப்ளாட் ஓனரா, விசிட்டரா என்று கேட்டார். அம்மாவுக்கு இரண்டுமே புரியவில்லை.

"அக்காவ திட்றதுக்கு வந்துகிறேன்," என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. உள்ளே யாருக்கோ போன் போட்டுத் தெலுங்கில் பேசினார். போனிலிருந்து வந்த குரல் எங்களுக்கும் கேட்டது.

"லோகலா? லோகலோள்ளகி எண்ட்ரி லேதனி செப்பு."

லோகல் ஆட்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிடு. நான் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு காலத்தில் அது வேண்டும் வேண்டும் என்று வெள்ளைக்காரன் கேட்டு வாங்கின சரக்கு.

செக்யூரிட்டி போனை வைத்துவிட்டுத் தமிழில், தணிந்த குரலில் சொன்னார். "நானும் லோகல்தாம்மா. என்னியே கேட்டுக்கு அந்தாண்ட வுடமாட்டாங்கோ. ஊத்த மூடி பைப்பு போட்டுட்டாங்கோ. சிங்க மூஞ்சி வெச்சி மோட்டார்ல தண்ணி வுட்றாங்கோ. போய் இன்னா பாக்கப் போறே?"

கேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு போர்டு இருந்தது. அமைதி காக்கவும், சத்தம் போடாதீர்கள் என்று மூன்று பாஷையில். என் கோபத்தில் நான்தான் சொன்னேன், "நீ இங்கேர்ந்தே திட்டும்மா. மலை முழுக்கக் கேக்கும். யார் வந்து கேக்கறாங்கன்னு பாத்துக்கலாம்."

அம்மா என்னை அதட்டினாள். "மூஞ்சியப் பாத்து திட்டணும்டி. மூஞ்சிக்கு மறைவுல திட்டினா அது பொறம்பேச்சு. அவகிட்ட நான் பொறம்பேசினது கெடயாது."

காலிக்குடத்தோடு திரும்பினோம். பல தடவை மனு கொடுத்துப் பார்த்தார்கள் ஊரில், கேட்டவர்கள் பரிவோடு கேட்டார்கள், வேலி வேலியாகவே இருந்தது. ஜனங்களுக்குக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூடிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அந்த நாளுக்குப் பிறகு அம்மா கீழே பேசுகிற கொஞ்ச நஞ்சப் பேச்சும் குறைந்தது. நைனா போன பிறகு அவளைத் திருப்பதிக்கு என்னோடு அழைத்து வந்துவிட்டேன். உதடு அசைவது மட்டும் வெகுநாள் நிற்கவில்லை. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

ஹேமா அனுப்பிய வீடியோவை மறுபடி பார்த்தேன். நான் எழுதியதைப் படித்துவிட்டு வந்தவர்கள் திட்டத் திட்ட, ஊரும் அதையே தன் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறது. அதில் அந்த ஊர்க் கிழவி ஒருத்தியைப் பிடித்துப் பேட்டி எடுக்கிறார்கள். என் அம்மாவும் இந்தத் தொட்டியைப் பார்த்து இப்படித்தான் திட்டுவாள் என்கிறாள் அவள், கண்ணில் நீர் தளும்ப. அண்டப்புளுகு. இல்லை, ஒருவேளை அவள் அம்மாவும் யாருக்கும் தெரியாமல் எங்காவது எதையாவது பார்த்துத் திட்டியிருப்பாளோ என்னவோ. அதைச் சொல்ல நான் யார்? ஆனால் அந்தச் சிவப்புத் தொப்பிக்காரியைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்துப்போட வேண்டும்போல இருந்தது. அது என் அம்மாவின் இடம்.

மத்தியானம் அம்மா கூடத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். காட்டலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் போனை அவள் கையில் கொடுத்தேன். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாடி, இந்தம்மா திட்றாளா?"

"ஆமாம்மா. ஸ்பெயின்ல. அங்கேயும் திட்டினாத்தான் தண்ணியாம்."

"தண்ணி வருதா?"

"வருது பார்."

அம்மா போனைக் கிட்டே கொண்டுபோய் அந்தச் சிங்கமுகத்தை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. தெரிந்தவர்களைக் கூட்டத்தில் கண்டுபிடித்துவிட்ட முகம்.

"அக்காடி. கோச்சிக்கினு அங்க பூட்டா. திட்றதுக்கு ஆளில்லாத எடத்துல இன்னாத்துக்கு குந்திக்கினுகிறதுன்னு பூட்டா."

மடியிலிருந்த கடலைத்தோலைத் தட்டிவிட்டு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். போனை முகத்துக்கு நேரே பிடித்தாள். மூஞ்சியைப் பார்த்தாகிவிட்டது. பக்கத்து வீட்டில் என்ன நினைத்துக்கொள்வார்களோ என்று ஜன்னலைச் சாத்தப் போனவள் சாத்தாமல் திறந்தே விட்டேன். கேட்கட்டும்.

"ஏண்டி அக்கா," என்றாள் அம்மா.

பழைய குரல். மலையிலிருந்து குப்பம்வரைக்கும் இறங்கி வருகிற குரல். அதன் பிறகு வாய் திறந்தபடியே இருந்தது. உதடு ஒருமுறை அசைந்தது, இன்னொரு முறை அசைந்தது. நான் காத்துக்கொண்டு நின்றேன். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"மறந்து பூட்ச்சிடி," என்றாள். "குமாருக்காக அத்தினியும் சேத்து வெச்சிருந்தேன். ஒண்ணு கூட வரல."

போனை என்னிடம் நீட்டிவிட்டு மறுபடியும் கடலை உரிக்க ஆரம்பித்தாள். வீடியோ முடிந்து தானாகவே முதலிலிருந்து ஓடியது. அந்தப் பெண்மணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு திட்டத் தொடங்கினாள், சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.